தனபாலின் பச்சைப் புள்ளி

பிப்ரவரி 3, திங்கள்

இந்த டைரி நகைக்கடையில் கொடுத்தது. அட்டையில் லட்சுமி, அடியில் கடையின் போன் நம்பர். வருடா வருடம் இப்படி வரும் டைரியில் சுகந்தி கோலம் போட்டுப் பழகுவாள். இந்த வருடம் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்களா எழுதப் போறீங்க என்று சிரித்தாள்.

காரணம் ஒரு வீடியோ. தகவல் வெள்ளத்தில் மூழ்காமல் தொழில்நுட்பத்தோடு சேர்ந்து ஓடுவது எப்படி என்று தலைப்பு. தினமும் கற்றதில் ஒன்றே ஒன்றைக் கையால் எழுதி வையுங்கள், மற்றதெல்லாம் தானாக வடிந்துவிடும் என்றார் அதில் பேசியவர். நல்ல யோசனைதான். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியதால் அவர் பெயர் மட்டும் காதில் விழவில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. சரவணம்பட்டியில் சாப்ட்வேர் வேலை. படித்துவிட்டு வந்த வித்தையை வைத்து இருபது வருடம் ஓட்டிவிட்டேன், இனிமேல் ஓடாது. வாரம் ஒரு புதுக் கருவி வருகிறது. அதைப் பற்றிப் பத்துப் பேர் பேசுகிறார்கள். அந்தப் பத்துப் பேரில் யார் பேச்சைக் கேட்கலாம் என்று சொல்ல இன்னொருவர் வருகிறார். எத்தனை செய்திமடல்களுக்குப் பெயர் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. காலையில் பல் தேய்க்கும்போதே இயர்போனை மாட்டிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கிறது.

இன்று கற்றது: ஒன்றே ஒன்றை எழுத வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

எங்கள் பிரிவில் ஒரு பலகை உண்டு. சுவரில் இல்லை, கம்ப்யூட்டரில். கம்பெனி எல்லோருக்கும் ஒரு பாடத் தளத்தில் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறது. யார் எவ்வளவு பாடம் பார்த்தார்கள், பரீட்சையில் எவ்வளவு எடுத்தார்கள் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்த நேரத்தில் பாடம் பார்த்துக்கொண்டிருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரியும்.

மார்ச் முடியும்போது முதல் நாற்பது பேர் புது ப்ராஜெக்டுக்குப் போவார்கள். மற்றவர்களுக்கு பெஞ்ச். பெஞ்ச் என்றால் சும்மா உட்கார வைத்து, கொஞ்ச நாளில் கேக் வெட்டி வழியனுப்புவது. நான் நாற்பத்தொன்றாவது ஆள்.

மேலே ஏற எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்கிறேன். சத்தத்தை அணைத்து, வேகத்தைக் கூட்டி, பாடத்தைத் திரையின் ஒரு மூலையில் ஓட விடுவது. தளத்துக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. நடுநடுவே பாடத்தை நிறுத்தி, ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று கேட்கும். ஆமாம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் புள்ளி அணைந்துவிடும். இதற்குப் பயந்தே பாதிப் பேர் கேண்டீனுக்குப் போவதை விட்டுவிட்டு மேஜையில் டப்பாவைத் திறக்கிறார்கள்.

காலையில் டிபன் டப்பாவைக் கொடுக்கும்போது சுகந்தி ஏதோ சொன்னாள். காதில் ஒருவர் புதுவிதத் தரவுத்தளத்தை விளக்கிக்கொண்டிருந்தார், முக்கியமான இடம். சரி என்றேன்.

இன்று கற்றது: தரவுத்தளம். நாளைக்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பற்றி இன்னொரு கூட்டம். இன்று கற்றது என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். எங்களுக்கு லீவு இல்லை. மருதமலைக்குப் போகும் காவடிக் கூட்டத்தில் ஆபீஸ் பஸ் வடவள்ளியிலேயே நின்றுவிட்டது. என் பக்கத்து சீட் காலி. டிசம்பரிலிருந்து காலியாகத்தான் இருக்கிறது. யாரும் உட்காருவதில்லை.

அது தனபாலின் சீட். லாலி ரோட்டில் ஏறுவான். ஒன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். முதலில் ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். பிறகு இரண்டு பேர் காதிலும் இயர்போன் வந்துவிட்டது. ஏறும்போது ஒரு தலையாட்டல், இறங்கும்போது ஒன்று. டிசம்பரில் அன்றைக்கும் ஏறினான், மாட்டிக்கொண்டான், கண்ணை மூடிக்கொண்டான். பஸ் கணபதி ஸ்டாப்பைத் தாண்டும்போது என் கையைத் தொட்டு ஏதோ சொன்னான். ஜன்னலை மூடச் சொல்கிறான் என்று நினைத்து மூடினேன். ஆபீஸ் வாசலில் எல்லோரும் இறங்கினோம், அவன் இறங்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அவன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றியது நான்தான்.

இன்று ஆபீஸ் போய்ப் பலகையைத் திறந்தேன். எனக்கு மேலே இருப்பது யார் என்று அதுவரை பார்த்ததே இல்லை, என் பெயரை மட்டும் பார்த்து மூடிவிடுவேன். நாற்பதாவது பெயர் தனபால் சுப்பிரமணியம். பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுபோனேன். சுகந்தி ஏன் என்று கேட்டாள், வேலை என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

பெனிட்டாவிடம் காட்டினேன். பலகையைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. சின்னப் பெண், எங்கள் பிரிவில் என்னை அண்ணா என்று கூப்பிடும் ஒரே ஆள். தனபாலின் ஆபீஸ் கணக்கையெல்லாம் அப்போதே மூடிவிட்டார்களாம், லேப்டாப்பையும் வாங்கிவிட்டார்களாம். பாடத் தளம் வெளிக் கம்பெனியுடையது, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏதாவது தானாக ஓடும்படி செய்து வைத்திருப்பார், அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. மனது லேசாயிற்று.

அந்த நேரம் பார்த்துப் புள்ளி அணைந்தது. தளம் கேட்கிறது, இன்னும் பார்க்கிறீர்களா என்று. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் திரும்ப எரிந்தது.

“யாரோ ஆமான்னு அழுத்தறாங்கண்ணா” என்றாள் பெனிட்டா. கழுத்தில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிப்ரவரி 17, திங்கள்

வேலையை விட்டுவிட்டு அந்தப் புள்ளியைத்தான் பார்க்கிறேன். காலைச் சந்தடி எல்லாம் அடங்கின பிறகு வருகிறது. ஒரு பாடம், சில நாள் அதே பாடம் இரண்டாம் முறை. பிறகு போய்விடுகிறது. அவசரமே இல்லை. உயிரோடு இருந்தபோது தனபால் இப்படிப் பொறுமையாக ஒன்றைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

பெனிட்டா டிசம்பர் மாதப் பலகையை எடுத்துக் காட்டினாள். இறந்த அன்று தனபால் கடைசியிலிருந்து மூன்றாவது. செத்த பிறகு ஏறியிருக்கிறான். நாங்கள் ஓட விட்டு மணிநேரம் சேர்க்கிறோம், அவன் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பரீட்சை எழுதி மேலே வருகிறான். இதைச் சொல்லிவிட்டு பெனிட்டா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பஸ்ஸில் இப்போது பையைப் பக்கத்து சீட்டில் வைப்பதில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்று கற்றது: பயப்படும்போதும் பாடம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பூட்டியிருந்தது. சுகந்தியும் அவள் தங்கை மல்லிகாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மல்லிகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள், எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். பிரிட்ஜ் மேல் ஏதோ ஸ்கேன் கவர் வைத்திருக்கிறார்கள். மல்லிகாவுக்குக் கிட்னிக் கல் தொந்தரவு உண்டு, அவளுடையதாக இருக்கும்.

சுகந்தி காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பேசினாள். நேரலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, நிரல் எழுதும் ஏஐ பற்றி. நம் வேலைக்கே உலை வைக்கிற விஷயம், கேட்காமல் இருக்க முடியாது. அவள் முடித்ததும் சரி என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

பிப்ரவரி 26, புதன்

எல்லாவற்றையும் வேகமாகக் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் பேசுவது இழுவையாக இருக்கிறது. மேனேஜர் பேசினால் இழுவை. பால்காரர் பேசினால் இழுவை. சுகந்தி சமையலறையில் நின்று பேசும்போது என் விரல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தது, வேகத்தைக் கூட்டும் பொத்தான் அங்கே இருப்பது போல. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பேச்சை நிறுத்திக்கொண்டாள். சரி என்றேன், சும்மாவாவது.

இப்போதெல்லாம் அவள் வலது பக்கமாகவே ஒருக்களித்துப் படுக்கிறாள். தலையணையை இறுக்கிக்கொண்டு.

இன்று கற்றது: இரண்டு புதுக் கருவிகளின் பெயர். என்ன செய்யும் என்று பிறகு பார்க்கலாம்.

மார்ச் 4, செவ்வாய்

மேனேஜர் கூட்டம் போட்டு, நாற்பது என்றால் நாற்பதுதான், பாவ புண்ணியம் பார்க்க மாட்டார்கள் என்றார். பார்த்தது என்னை. எனக்கு மேலே ஒரு செத்த மனிதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து இன்ஜினியரிங் படிக்கிறாள். இந்த வயதில் வேறு யார் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

பெனிட்டாவிடம் போய், தனபால் கணக்கை எடுத்துவிடு என்றேன். இறந்தவர் பெயரில் யாரோ விளையாடுகிறார்கள், நமக்குத்தான் கெட்ட பெயர் என்றேன். சரியான காரணம்தான் சொன்னேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, “உங்களுக்காகச் செய்யறேன்” என்றாள்.

மார்ச் 5, புதன்

நாற்பதாவது பெயர் என்னுடையது.

சுகந்தியிடம் சொன்னேன். நல்லதுங்க என்று சேமியா பாயசம் வைத்தாள். கூடவே வருகிற இருபதாம் தேதி வியாழக்கிழமை பற்றி என்னவோ சொன்னாள். சரி என்றேன். சந்தோஷத்தில் எதற்கும் சரிதான்.

ஆனால் இன்று முழுக்கப் பலகையைத் திறந்து திறந்து பார்த்தேன். அந்த நேரம் வந்தது, போனது. எந்தப் புள்ளியும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தள்ளிவிட்டு சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மார்ச் 12, புதன்

தெரியாத நம்பரிலிருந்து போன். தனபாலின் மனைவி உமாமகேஸ்வரி. சாவு வீட்டில் என் நம்பரை வாங்கி வைத்திருந்தாள், இப்போதுதான் முதல் தடவை கூப்பிடுகிறாள்.

“ஏனுங்ணா, அவரோட பாடம் போன வாரத்துல இருந்து தொறக்கவே மாட்டேங்குதுங்க. நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிட்டனான்னு தெரியல.”

பஸ்ஸில் இருந்தேன், பக்கத்து சீட் காலி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

வேலாண்டிபாளையத்தில் மாடி வீடு. தனபால் படத்துக்கு அரளி மாலை போட்டிருந்தது. அவன் போன் டிவி பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. உமா மோர் கொண்டுவந்து வைத்தாள். பையன் டியூஷன் போயிருக்கிறான் என்றாள்.

அவளாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். கடைசி இரண்டு வருடம் அவன் வீட்டில் பேசினதே குறைவாம். சாப்பிடும்போது காதில் இயர்போன், மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது இயர்போன். என்ன கேட்கிறீர்கள் என்றால், வேலைக்கு என்பானாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகு அவன் போனைத் திறந்தாளாம்.

“எங்கூடப் பேசாம அப்படி எதைத்தான் கேட்டுட்டு இருந்தாருன்னு பாக்கோணும்னு தோணுச்சுங்க. கேட்டா, ஒண்ணையுமே அவரு முழுசாக் கேக்கலீங்க. எல்லாத்தையும் கொஞ்சம் பாத்து அங்கங்க நிறுத்தி வெச்சிருக்காரு. அவரு நிறுத்துன எடத்துல இருந்து நான் பாப்பனுங்க. இப்பத்தான் எந்திரிச்சு உள்ள போன மாதிரி இருக்கும்.”

சமையல் முடிந்து வீடு அமைதியான பிறகு ஒரு பாடம். பாதி புரியாதாம். தப்பாக எழுதினால் தளம் மறுபடி பார்க்கச் சொல்லுமாம், பார்ப்பாளாம். அவளுக்கென்ன அவசரம். பலகை ஒன்று இருப்பதோ, அதில் அவன் பெயர் ஏறிக்கொண்டே போனதோ அவளுக்குத் தெரியாது. மேலே போவது அவள் நோக்கமே இல்லை.

தளத்தைக் காட்ட என் கணக்கைத் திறந்தேன். அவள் வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாப் பாடத்திலும் முடித்தாயிற்று என்று குறி. நீங்க எல்லாத்தையும் முழுசாப் பாத்திருக்கீங்களே என்றாள். பார்க்கவில்லை, ஓட விட்டேன் என்றேன். அதில் ஒரு பாடத்தை அவள் தொட்டுவிட்டாள், சாதாரண வேகத்தில் ஓடியது. எனக்குத் தெரிந்த வாத்தியார்தான். நடுவில் இருமினார், மன்னிக்கணும் என்று சொல்லித் தண்ணீர் குடித்தார். அவர் இருமுவார் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் போயிருந்தேன். ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணக்கை மூடச் சொன்னது நான்தான் என்றேன்.

உமா மாலையை நேராக்குவது போல எழுந்து போய் நின்றாள்.

“வேலைக்காகங்களா?”

“ஆமாங்க.”

“அவரும் அதையேதான் சொல்லுவாரு” என்றாள்.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, எல்லாப் பாடமும் முடிந்துவிட்டது, ஒன்றே ஒன்றுதான் பாக்கி என்றாள். அது அன்றைக்கு பஸ்ஸில் அவன் கேட்டது. அது மட்டும் அவனாக நிறுத்தினது இல்லை.

“இன்னும் பார்க்கிறீர்களான்னு கேட்டு நிக்குதுங்ணா. ஆமான்னு அமுக்கவும் மனசு வரல, மூடவும் மனசு வரல. கடைசியாப் பாத்துக்கலாம்னு விட்டு வெச்சிருந்தேன். அதுக்குள்ள போயிடுச்சு.”

ஆபீஸ் வாசலில் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் மடியில் அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்திருக்கிறது.

கிளம்பும்போது கேட்டாள், பக்கத்தில்தானே இருந்தீர்கள், கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று. சொன்னான், எனக்குக் காதில் விழவில்லை என்றேன். ஜன்னலை மூடினேன் என்பதையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எனக்கும் அப்படி நிறைய விட்டுப் போச்சுங்க என்றாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இயர்போனை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டேன். வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று தெரியாது. சுகந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதும் நிறுத்துவதும், இடது கையை மெதுவாக இறக்கி வைப்பதும். எவ்வளவு நாளாக இப்படி?

வியாழக்கிழமை என்ன என்று கேட்டேன்.

நறுக்குவதை நிறுத்தாமல் பதில் சொன்னாள். “ஆஸ்பத்திரிக்குங்க. சொன்னனே. பரவால்ல, மல்லிகா வர்றா.”

எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள்.

மார்ச் 17, திங்கள்

பெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணக்கை அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்தாளாம். மார்ச் முடிந்ததும் மறைத்ததையெல்லாம் தளம் அடியோடு அழித்துவிடுமாம். அதற்கு முன்னால் திறந்தால் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும், தனபாலும் நாற்பதாவது இடத்துக்கு வந்துவிடுவான். அவன் இறந்தவன் என்று மேலே எழுதிக் கேட்டால், முதல் வேலையாகக் கணக்கைத்தான் அழிப்பார்கள்.

இன்னொரு செய்தியும் இருந்தது. வியாழக்கிழமை காலை கடைசிப் பரீட்சை. பாஸ் செய்தால் ஓரிரு இடம் ஏறலாம். தனபாலைத் திறந்துவிட்டாலும் அதை எழுதினால் நான் தப்பித்துவிடுவேன் என்று பெனிட்டா கணக்குப் போட்டுக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு என் மேல் எதற்கு இத்தனை அக்கறை என்று தெரியவில்லை. வியாழக்கிழமை, சுகந்தி ஆஸ்பத்திரி என்று சொன்ன அதே நாள்.

திற என்றேன். என் கண் முன்னாலேயே திறந்தாள். என் பெயர் ஒரு படி இறங்கியது.

மார்ச் 18, செவ்வாய்

உமாவுக்குச் சொன்னேன். சரிங்ணா என்றாள். புள்ளி எரியவில்லை.

மார்ச் 19, புதன்

இன்றும் எரியவில்லை. அவள் வீட்டில் போன் டிவி பக்கத்தில் கிடக்கும், அந்தக் கேள்வியோடு.

செய்திமடல்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தேன். ‘உங்களை இழப்பதில் வருத்தம்’ என்று ஒவ்வொன்றும் சொல்கிறது. நான் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், இருமும் வாத்தியாருடையது. அதையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சுகந்தியிடம் நாளைக்கு நான் வருகிறேன் என்றேன். பரீட்சை இருக்குதுன்னு பெனிட்டாகிட்டப் போன்ல பேசிட்டு இருந்தீங்களே என்றாள். என் பக்கத்துப் பேச்சையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வருகிறேன் என்று திரும்பச் சொன்னேன். மல்லிகாவுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள்.

மார்ச் 20, வியாழன்

ஆஸ்பத்திரிக் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலி. பாதிப் பேர் காதில் இயர்போன், பக்கத்தில் கூட வந்தவர்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தோம். சுகந்தி முன்பக்கம் பட்டன் வைத்த சுடிதார் போட்டிருந்தாள், புதுசு. அதைத் தைக்கக் கொடுத்தது, வாங்கி வந்தது எதுவும் எனக்குத் தெரியாது.

பரீட்சை ஆரம்பிக்கும் நேரம் வந்தது. பெனிட்டா இரண்டு முறை கூப்பிட்டாள். கட் செய்துவிட்டு, கடைசியாக ஒரு முறை பலகையைத் திறந்தேன். நாற்பதாவது பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. உமா ஆமாம் என்று அழுத்திவிட்டாள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தனபால் அன்று விட்ட இடத்திலிருந்து அவளுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவன் கேட்காத மீதியை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்தத் தடவை ஓடிவிடத் தோன்றவில்லை. போனை அணைத்தேன்.

“ஆபீஸ்ல இருந்துங்களா?” என்றாள் சுகந்தி.

“இல்லை. தனபால்.”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அதைப் பிறகு சொல்கிறேன் என்றேன். பிறகு கேட்டேன்.

“சுகந்தி, நீ சொன்னது எதுவுமே என் காதுல விழல. முதல்லருந்து சொல்லு.”

மடியில் இருந்த கவரின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எனக்குத்தான் முடியவில்லை. பிறகு மெதுவாக, அவள் எப்போதும் பேசும் வேகத்தில் பேசினாள். நடுவில் நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், ஒன்றையே இரண்டு தரம் சொன்னாள். என் கை தொடையில் சும்மா கிடந்தது. எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது அவள் பாதியில்தான் இருந்தாள். எழுந்து போய், கொஞ்சம் பொறுங்கள், அடுத்தவரை அனுப்புங்கள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்து மீதியையும் கேட்டேன்.

ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும். ஆட்டோவில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெளியே ஒரே இரைச்சல், ஜன்னல் இல்லாத வண்டி.

சாயங்காலம் இந்த டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.

இன்று கற்றது: சுகந்திக்கு இடது மார்பில் கட்டி. பொங்கலன்று குளிக்கும்போது கையில் பட்டது. பயத்தில் கொஞ்ச நாள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் சொன்னது என்னிடம்தான், டிபன் டப்பாவைக் கொடுக்கும்போது. அப்புறம் மூன்று தடவை சொன்னாள். நான்கு தடவையும் நான் சரி என்றேன்.